கால் முறிந்தவரின் வாத்தியம்

கர்நாடக இசையில் வயலினைத் தாங்கி நிற்கும் வேலையில் பெரும்பங்கு வலது காலுடையது. வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது பாதத்தைச் சற்று முன்னே நகர்த்தி, வயலினின் சுருண்ட தலையைக் கணுக்காலை ஒட்டி ஊன்றிக்கொள்கிறார். மறுமுனை இடது தோளிலும் மார்பிலும் சாய்ந்திருக்கும். இரு முனைகளும் இப்படி நிலைபெற்றுவிடுவதால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் சுமை இல்லை. தந்தியின் மேல் அது தடையின்றி வழுக்கி ஓடலாம். கமகம் நிறைந்த இசைக்கு இந்த விடுதலை இன்றியமையாதது. அந்தக் கணுக்காலில் எலும்பு முறிந்தால் இரண்டு கைகளும் நன்றாக இருந்தும் வாசிப்பு நின்றுபோகும்.

இந்தப் பிடிப்பு எந்தக் கருவியோடு சேர்ந்ததோ, அந்தக் கருவி கர்நாடக இசைக்குள் நுழைந்த வாசல் வடசென்னையில் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் வள்ளூர் அணைக்கட்டுக்குத் தெற்கே உள்ள மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786), மணலி முதலியார் குடும்பத்தின் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அவருடைய பேரன் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இதைப் பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பியர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, தாடைக்குக் கீழே இடுக்கி வாசித்த கருவி, தரையில் அமரும் மரபுக்குள் வந்ததும் பாதத்தில் ஊன்றியது.

மற்ற வாத்தியங்களும் காலைப் பலவிதமாகக் கேட்கின்றன. வலது கைப் பழக்கமுள்ள மிருதங்கக் கலைஞர் வலது காலைச் சற்று நீட்டி, அதன் பாதத்திலும் கணுக்காலிலும் மிருதங்கத்தைக் கிடத்துகிறார். மடிந்த இடது கால் மிருதங்கத்தின் உடலை அணைத்து நிறுத்துகிறது. வயலின் அரைக் கிலோ அளவுதான். மிருதங்கம் பல கிலோ, போதாக்குறைக்கு ஒவ்வோர் அடியின் அதிர்வும் கணுக்காலுக்குள் இறங்குகிறது. வீணையின் குடம் தரையில் இருக்க, சுரைக்குடுக்கை இடது தொடைமேல் அமர்கிறது. கடம் மடியில் கிடக்கிறது. தவில் வாரில் தோளிலிருந்து தொங்குவதால், திருவொற்றியூர் போன்ற கோயில்களின் புறப்பாட்டில் வாசிப்பவருடைய இரு கால்களும் அவரையும் தவிலையும் சேர்த்துச் சுமந்து நடக்க வேண்டும். பறையில் அடவு இல்லாமல் அடி முழுமையடையாது. ராயபுரத்துத் தேவாலயங்களிலும் கானா மேடைகளிலும் காணப்படும் டிரம் செட்டில் வலது பாதமே நேரடியாக ஒரு வாத்தியத்தை, பெரிய பாஸ் டிரம்மை, வாசிக்கிறது. புல்லாங்குழல், கஞ்சிரா, மோர்சிங் மூன்றுக்கும் காலிடம் பெரிய வேலை இல்லை. கால் அடிபட்ட காலத்தில் இவை கொடுத்துவைத்த வாத்தியங்கள்.

அத்திப்பட்டு, வள்ளூர் அனல்மின் நிலையங்களும் எண்ணூரின் காமராஜர் துறைமுகமும் இயங்கும் வடசென்னைப் பகுதியில் கண்டெய்னர் லாரிகளின் இடையே புகுந்து இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போவது அன்றாடம். கானா பாடுகிறவரும், சாவு வீட்டில் பறையடிப்பவரும், ஞாயிறு வழிபாட்டில் கீபோர்டு வாசிப்பவரும் மற்ற நாட்களில் வேறு தொழில் பார்ப்பவர்களாக இருப்பது வழக்கம். பைக் சரிந்தால் முதலில் அடிவாங்குவது முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பு. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே, சதைப் போர்வை இல்லாமல் கிடக்கும் எலும்பு அது. எளிதில் தோலைக் கிழித்து வெளியே வரும். இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடவும் தாமதமாகும்.

எலும்பு கூடுவது படிப்படியாக நடக்கிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டியே பின்னால் நடக்கும் கட்டுமானத்துக்கு அடித்தளம். இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பும் நார்த்திசுவும் கலந்த மென்மையான காலஸ் உருவாகி இரு முனைகளையும் பிணைக்கிறது. அடுத்த சில வாரங்களில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு மாதங்களாக, சில வேளை ஆண்டுகளாக, அந்த முரட்டு எலும்பு செதுக்கப்பட்டுப் பழைய வடிவை நெருங்குகிறது. சாதாரணக் கணுக்கால் முறிவுக்கு ஆறு வாரம் அளவில் கட்டு பிரியலாம். டிபியாவுக்கு நான்கு முதல் ஆறு மாதம் பிடிப்பது இயல்பு. புகைபிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் இன்னும் நீளும்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் விளக்கினார். சுமையே இல்லாத எலும்பு மெலியும். அளவோடு ஏறும் சுமை அதைத் திடமாக்கும். அளவு மீறினால் புதிய காலஸ் உடையும். கெர்ஹார்ட் குன்ட்ஷர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எலும்பின் உள்குழலுக்குள் கம்பி செலுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு, நோயாளி முன்னைவிடச் சீக்கிரம் எழுந்து நடமாட முடிந்தது. ‘ராடு போட்டிருக்கிறது’ என்று ஊரில் சொல்லப்படும் சிகிச்சை அதுவே. மாவுக்கட்டா, பிளேட்டா, ராடா என்பதைப் பொறுத்தே எப்போது காலை ஊன்றலாம், எப்போது முழங்காலை மடக்கலாம் என்பதெல்லாம் முடிவாகும். ஆகவே, வாத்தியம் வாசிப்பவர் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்போது நடக்கலாம்’ என்பதோடு நிற்கக் கூடாது. எந்தக் காலை எவ்வளவு மடக்கி, எவ்வளவு நேரம், எந்த எடையைத் தாங்கி உட்கார வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் உட்கார்ந்து காட்டியோ படம் காட்டியோ விளக்குவது நல்லது. மிருதங்கம் பாதத்தின்மேல் கிடக்கும் என்பது எல்லா மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் சில வாரங்களில் வீக்கமே பெரிய தொல்லை. காலைத் தொங்கவிட்டால் இரத்தமும் நிணநீரும் கீழே தேங்கி வலி ஏறும். தலையணைகளை அடுக்கி, பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கச் சொல்வது அதனால்தான். இந்த நிலையில் சாய்ந்தபடி புல்லாங்குழல் வாசிக்கலாம். மேசைப் பலகை ஒன்றின்மேல் சிறிய கீபோர்டு வைத்துக்கொள்ளலாம். மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லி, ரப்பர் தட்டில் விரலால் தட்டலாம். நரம்பையோ சதையையோ அழுத்தாத, காலை அசைக்காத எந்தப் பயிற்சியும் எலும்பு கூடுவதைக் கெடுக்காது.

வலியைக் குறைப்பதில் இசைக்கு உண்மையான பங்கு உண்டு. ‘தி லான்செட்’ இதழில் 2015-இல் வந்த தொகுப்பாய்வு, 70-க்கும் மேற்பட்ட சோதனைகளில் பங்கேற்ற ஏறக்குறைய 7,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுவை சிகிச்சையின் முன்னும் பின்னும் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிமருந்துத் தேவையும் குறைந்திருந்தன. அது கேட்பவர்களைப் பற்றியது. வாசிப்பவர்களைப் பற்றி ராபின் டன்பாரும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட சோதனைகள் இன்னொன்றைக் காட்டின: பாடுவது, ஆடுவது, மேளம் அடிப்பது போன்ற செயல்களுக்குப் பிறகு மனிதர்கள் தாங்கும் வலியின் அளவு உயர்ந்தது, வெறுமனே கேட்டவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. உடல் சுரக்கும் எண்டார்பின்களே காரணம் என்பது அவர்கள் கருத்து. இதோடு கவனம் திசைமாறுவதும் சேர்கிறது. முதுகுத்தண்டில் வலிச் செய்திகள் மூளைக்கு ஏறுமுன் ஒரு வாயிலைக் கடக்கின்றன என்றும், மூளை அந்த வாயிலை ஓரளவு மூட வல்லது என்றும் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு இடம் தருகிறது.

ஆனால், வலி மறைவதில் ஓர் ஆபத்தும் உள்ளது. மாவுக்கட்டுக்குள் வீக்கம் அளவு மீறினால் சதை அறைகளுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் அடைபடும். கட்டிப்போட்டது போன்ற கடுமையான வலி, பாத விரலை நீட்டினால் உயிர்போகும் வேதனை, விரல் மரத்துப்போதல், வெளுத்துச் சில்லிடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மணிக்கணக்கில் காத்திராமல் கட்டைத் தளர்த்தியாக வேண்டும். ஆந்திரத்தின் புத்தூரிலிருந்து பரவிய புத்தூர் கட்டுக்கு வடசென்னையில் இன்றும் நம்பிக்கை அதிகம். எக்ஸ்ரே இல்லாமல், வீக்கம் வடியுமுன் மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் எந்தக் கட்டுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. திறந்த முறிவுக்கும் மூட்டுக்குள் ஓடும் முறிவுக்கும் அந்தக் கட்டு ஏற்றதே அல்ல. வாசிப்பில் மூழ்கியவர் இடையிடையே நிறுத்திக் கால்விரல்களின் நிறத்தையும் உணர்வையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இதுவரை சொன்னதெல்லாம் காலைப் பற்றியது. இசைக்கலைஞருக்கு அதைவிடக் கவலை தர வேண்டியது அவருடைய கை. கால் முறிந்தவர் எழுந்ததும் உடலின் எடை ஊன்றுகோல் வழியாகக் கைகளுக்கு மாறுகிறது. வாழ்நாள் முழுதும் நுட்பமான அசைவுக்குப் பழகிய கை, திடீரென்று நடக்கும் உறுப்பாகிறது. அக்குள் கட்டையில் தொங்கியபடி நடப்பவர்களுக்கு, அக்குள் வழியே கைக்குச் செல்லும் ரேடியல் நரம்பு நசுங்குகிறது. மணிக்கட்டு தொங்கிப்போகும், விரல்களை நீட்ட முடியாது. வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும், வில் பிடிக்கும் கைக்கும் மிருதங்கக் கைக்கும் அந்த மாதங்கள் பேரிழப்பு. கைப்பிடியை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவது இன்னொரு தொல்லை: அங்கே அல்னார் நரம்பு நசுங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், மணிக்கட்டின் நடுவே மீடியன் நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பாதிக்கப்படும். வீணையின் மெட்டுகளில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

தடுப்பது கடினமல்ல. கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில் நிற்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 பாகை மடியும். எடை கைப்பிடியில் இறங்க வேண்டும், அக்குளில் அல்ல. கைப்பிடியில் தடித்த துணியோ ஸ்பாஞ்சோ சுற்றிக்கொண்டால் அழுத்தம் பரவும். மருத்துவமனை வாசலில் வாடகைக்கு எடுக்கும் கட்டை முந்தையவரின் உயரத்துக்கே திருகப்பட்டிருக்கும். அதைத் திருத்தாமல் வீட்டுக்கு எடுத்துப்போவதே பல கைகளின் தொல்லைக்குத் தொடக்கம். எடை ஊன்ற அனுமதி இல்லாத காலத்தில் வாக்கர் கைகளின் சுமையை நிலையாகப் பகிர்ந்தளிக்கும். அதிகம் நடந்த நாளில் கை களைத்திருக்கும். வேகக் காலப் பயிற்சியை அன்று தவிர்த்து விளம்ப காலத்தில் வாசிப்பது புத்திசாலித்தனம். விரல் மரத்தால் பயிற்சியைக் குறைத்துப் பயனில்லை, ஊன்றுகோலைச் சரிசெய்ய வேண்டும்.

உட்கார முடிந்ததும் வாத்தியத்துக்கு வேறு தாங்கி தேட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, அடிபட்ட காலை எதிரே ஸ்டூலில் நீட்டிவைப்பது பொதுவான ஏற்பாடு. மிருதங்கத்துக்கு இரும்பு அல்லது மரத் தாங்கி வைத்துக்கொண்டால் பாதம் விடுபடும். ஆனால் தாங்கியின் உயரம் தொடை மட்டத்துக்கு மேலே போனால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து பிடிக்கும். வீணையைத் தாழ்ந்த மேசைத் தாங்கியில் படுக்கவைக்கலாம். வயலினுக்குத்தான் தீர்வு சிக்கலானது. ஐரோப்பியப் பாணியில் தாடைக்குக் கீழே இடுக்கினால் இடது கையின் பாரம் கூடிக் கமகம் தடுமாறும். சுருள் முனைக்குச் சிறிய தாங்கி ஒன்றை எதிரே நிறுத்தி, கணுக்கால் இருந்த அதே கோணத்தில் வயலினை அமர்த்துவதே கைக்குப் பழகிய வழி. நல்ல கால் இடது கால் என்றால் அதன்மேல் ஊன்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். வில்லின் பாதையே மாறிவிடுவதால் அது உதவாது.

மேடைக்கே நாற்காலியைக் கொண்டுபோனவர்களில் உலகறிந்தவர் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ குழுவின் டேவ் குரோல். 2015 ஜூன் 12 அன்று சுவீடனின் கோத்தன்பர்க்கில் மேடையிலிருந்து விழுந்து கால் முறிந்தவர், அன்றைய நிகழ்ச்சியையே உட்கார்ந்தபடி, மருத்துவ உதவியாளர் ஒருவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முடித்தார். ஜூலை 4 அன்று வாஷிங்டன் மேடையில் அவருக்காகச் செய்த பெரிய சிம்மாசனத்தில் காலை நீட்டி அமர்ந்து கிட்டார் வாசித்தார். விழுந்த அன்றே வாசித்தது பின்பற்றத் தக்க முன்மாதிரி அல்ல. உயர்த்திய கால், முதுகுக்குச் சாய்மானம், எட்டும் தூரத்தில் எல்லாக் கருவியும் என்ற அந்த இருக்கையின் அமைப்பு பின்பற்றத் தக்கது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைச் சதையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு உள்ளதால், அரை மணிக்கு ஒருமுறை இடைவெளி விட்டு நல்ல காலையும், அனுமதி இருந்தால் அடிபட்ட பாதத்தையும் மேலும் கீழும் அசைக்க வேண்டும். கெண்டைச் சதையில் திடீர் வீக்கமும் வலியும் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாளம் தெரிந்தவருக்குப் பிசியோதெரபியில் ஒரு வசதி இருக்கிறது. தொடைச் சதையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சிக்கு ஐந்து முதல் பத்து நொடி பிடிக்கச் சொல்வார்கள். நொடிக்கு ஓர் அட்சரம் என்று வைத்தால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு நொடி: ஓர் ஆவர்த்தனம் பிடித்து, ஓர் ஆவர்த்தனம் விடலாம். கடிகாரம் தேவையில்லை. நடைக்கும் இது பொருந்தும். அடிபட்ட காலைச் சற்றே ஊன்றத் தொடங்கும் கட்டத்தில் கட்டைகள், அடிபட்ட கால், நல்ல கால் என்று மூன்றாகப் பிரித்து நடக்கும்போது அது திஸ்ர நடை, ‘தகிட’. இரு கால்களும் ஓரளவு எடை தாங்கும்போது வலக் கட்டை, இடக் கால், இடக் கட்டை, வலக் கால் என்று சதுஸ்ரம், ‘தகதிமி’. நொண்டல் என்பதே தாளத்தில் ஒரு பிசகு: வலிக்கும் காலில் நிற்கும் நேரம் குறைந்து, நல்ல காலில் நீள்கிறது. மைக்கேல் தாட்டும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1990-களில் பக்கவாதத்திலும் பார்க்கின்சன் நோயிலும் பாதிக்கப்பட்டவர்களைச் சீரான தாள ஒலிக்கு நடக்கவைத்து, நடை சீராவதைக் காட்டினார்கள். எலும்பு முறிவு மூளைக் கோளாறு அல்ல என்பதால் அந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தன் காலடியின் பிசகைக் காதாலேயே பிடித்துவிடும் லயக் கலைஞர், அதைத் திருத்திக்கொள்ளும் வழியையும் கையோடு வைத்திருக்கிறார். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெற வழி உண்டு. வரும் பணியாளரிடம் தாளக்கணக்கைச் சொன்னால் பயிற்சியை அதற்கேற்ப அமைத்துத் தருவது எளிது.

தரைக்குத் திரும்புவது கடைசிக் கட்டம். நாற்காலியில் அமர முழங்கால் 90 பாகை மடிந்தால் போதும். சம்மணத்துக்கு அதைத் தாண்டி நன்றாக மடிய வேண்டும். இடுப்பு மூட்டும் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். வெளிக் கணுக்கால் தரையில் அழுந்தும். பிளேட் வைத்த இடம் அங்கேயே இருந்தால் திருகாணியின் தலை தோலுக்கு அடியில் உறுத்தும். மடங்காத முழங்காலைக் கட்டாயப்படுத்தி மடக்குவது தவறு. கனமான தலையணைமேல் அமர்ந்து இடுப்பை உயர்த்தினால் முழங்கால் குறைவாக மடிந்தாலே சம்மணம் கூடும். வாரக்கணக்கில் தலையணையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். முழங்காலின் வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் தலையைச் சுற்றி ஓடும் பெரோனியல் நரம்பு நெடுநேரச் சம்மணத்தில் அழுந்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். மெலிந்துபோன காலில் அந்த நரம்புக்குச் சதைக் காப்பு குறைவு. இரண்டு மணிக் கச்சேரிக்கு முன் கால் மணி நேரத்திலிருந்து தொடங்கி ஏற்ற வேண்டும்.

நாதஸ்வரக் கலைஞர் நின்று வாசிக்கத் திரும்பும் முதல் நாள் உட்காரப் பக்கத்தில் இருக்கை வேண்டும். நெடுநாள் படுத்திருந்தவருக்கு எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கும். மூச்சை அடக்கி ஊதுவது நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி அதை இன்னும் குறைத்துத் தலைசுற்ற வைக்கும். டிரம் செட் வாசிப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இருக்கிறது: வலது கணுக்காலில் அறுவை செய்துகொண்டவர்கள் காரின் பிரேக்கை மிதிக்கும் வேகம், 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஒன்பது வாரத்தில் இயல்புக்குத் திரும்பியது. பாஸ் டிரம்மின் பெடலும் அதே அசைவைத்தான் கேட்கிறது, நூற்றுக்கணக்கான முறை. பறையாட்டத்தில் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும் அடவுகள் உடல் எடையின் பல மடங்கை டிபியாவில் ஏற்றும். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடிவிட்டது என்று உறுதி சொன்ன பிறகே அவற்றுக்குத் திரும்பலாம். அதுவரை பறையை நின்றோ அமர்ந்தோ அடிக்கலாம்.

கால் முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்கு, 1960-களின் இறுதியில் மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், மேற்கத்தியச் செயற்கைப் பாதங்கள் தராத ஒன்றைத் தந்தது: வளைந்துகொடுக்கும் ரப்பர் பாதத்தோடு குந்தவும் சம்மணமிடவும் வெறுங்காலோடு நடக்கவும் முடிந்தது. இந்தியர் தரையில் வாழ்பவர் என்பதை உணர்ந்து செய்த பாதம் அது. நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த இட்சாக் பெர்ல்மன், ஐரோப்பிய மரபில் தனி வாசிப்பாளர் நின்று வாசிக்கும் வழக்கத்தை விட்டு, வாழ்நாள் முழுதும் உட்கார்ந்தே வயலின் வாசித்துவருகிறார். இங்கிலாந்தின் டிரம் கலைஞர் ராபர்ட் வயட் 1973 ஜூன் 1 அன்று மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பெடல்களை மிதிக்க இயலாததால் முன்புபோல் டிரம் செட் வாசிப்பதை விட்டு, கீபோர்டுக்கும் பாட்டுக்கும் முன்னுரிமை தந்தார். ‘ராக் பாட்டம்’ என்ற அவருடைய இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டே வெளிவந்தது.